வலி நின்ற பல்: வேரின் நுனியில் என்ன நடக்கிறது?

பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுக்கிறது. பக்கத்துப் பல்லில் கூச்சம் என்று ஒருவர் போயிருப்பார். டாக்டர் படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரு வேரின் நுனியில் விரலை வைப்பார். "இங்க பாருங்க, கறுப்பா உருண்டையா தெரியுதா?" தெரியும். வெளிர்நிற எலும்புக்கு நடுவே, வேர் முடியும் இடத்தில், பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கறுப்பு. "இந்தப் பல்லுல எனக்கு வலியே இல்லையே டாக்டர்" என்பார் வந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ராத்திரி தூங்கவிடாம வலிச்சுது. அப்புறம் தானா சரியாப் போச்சு" என்று சேர்த்துக்கொள்வார்.

தானாகச் சரியாகவில்லை. பல் செத்துப்போனது, அதனால் வலி நின்றது. அதன்பிறகு இத்தனை வருடமாக அந்த வேரின் நுனியில் சத்தமில்லாமல் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அதில் எலும்பு கரைந்த இடம்தான் அந்தக் கறுப்பு.

மருத்துவத்தில் இதை நாள்பட்ட வேர்நுனி அழற்சி என்கிறார்கள். அரிதான நோய் என்று நினைத்துவிட வேண்டாம். பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021-இல் வெளியான ஒரு தொகுப்பு, வயதுவந்தவர்களில் 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு பல்லிலாவது இது இருப்பதாகக் கணக்கிட்டது. பற்களின் எண்ணிக்கையில் பார்த்தால் ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று. அந்த ஆய்வுகளில் கணிசமானவை பல் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் எடுத்தவை என்பதால், தெருவில் போகும் எல்லோரையும் எண்ணினால் கொஞ்சம் குறையலாம். குறைந்தாலும் சிறிய எண் அல்ல.

மிகப் பழைய நோயும்கூட. 1921-இல் இன்றைய ஜாம்பியாவின் காப்வே சுரங்கத்தில் கிடைத்த மண்டையோடு ஏறத்தாழ 3 லட்சம் வருடம் பழையது. அதன் மேல்தாடைப் பற்களில் பல சொத்தை. தாடையெலும்பில் சீழ் அரித்த குழிகள் இருக்கின்றன. எகிப்தின் இரண்டாம் ராம்சேசு ஏறக்குறைய 90 வயது வரை வாழ்ந்த பேரரசன். அவனுடைய மம்மியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது தாடையில் அதே கதை. எகிப்தியர் சாப்பிட்ட ரொட்டியில் மணலும் அரைகல் தூளும் கலந்திருந்ததால் பற்கள் நரம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயின. சர்க்கரை மிட்டாய் இல்லாத காலத்திலும் பல் செத்தது. வழி மட்டும் வேறு.

பல் எப்படிச் சாகிறது

பல்லின் நடுவில் இருக்கும் மெல்லிய திசுவைத்தான் நாம் "நரம்பு" என்கிறோம். பாடப்புத்தகம் பற்கூழ் என்கிறது. நரம்போடு இரத்தக் குழாய்களும் பல்லைக் கட்டிய செல்களும் அதில் உண்டு. சுற்றிலும் டென்டின் என்னும் கெட்டியான பகுதி, அதற்குமேல் எனாமல். இந்தக் கூழுக்கு உணவும் உயிர்க்காற்றும் வருவது வேர் நுனியில் இருக்கும் துளை வழியாக. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத துளை. உடம்பின் வேறெந்த இடத்திலும் அழற்சி வந்தால் அந்த இடம் வீங்கும்; புதிய இரத்தம் வரும்; வீக்கம் வடியும். பல்லுக்குள் வீங்க இடமில்லை. நாலு பக்கமும் கல்மாதிரிச் சுவர்.

வீக்கத்தின் அழுத்தம் வேர் நுனிக் குழாய்களை நெரித்துவிடுவதால் மொத்தக் கூழும் ஒரேயடியாகச் செத்துவிடுகிறது என்றுதான் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். அப்படியில்லை என்று பிறகு தெரிந்தது. சொத்தைக்கு அடியில் இருக்கும் சிறு பகுதி முதலில் அழுகுகிறது. அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, அறை அறையாக, கீழ்நோக்கி நகர்கிறது. அதனால்தான் மேலே செத்து, வேருக்குள் இன்னும் உயிரோடு இருக்கும் பல்லும் உண்டு. மூன்று வேர் கொண்ட கடைவாய்ப் பல்லில் ஒரு வேர் செத்து இன்னொன்று வலித்துக்கொண்டிருக்கும். ராத்திரியில் உயிரை எடுத்த வலி ஒருநாள் நின்றால், வலியை உணர்ந்து சொல்ல அங்கே நரம்பு மிச்சமில்லை என்று அர்த்தம்.

சொத்தை மட்டுமே காரணமல்ல. சின்ன வயதில் படியில் விழுந்து முன்பல்லில் அடிபட்டிருக்கும். பல் உடையவில்லை, ஆடவுமில்லை, எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த அடியில் வேர் நுனியில் குழாய் அறுந்திருந்தால் கூழ் செத்துவிடும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறத்துக்கு மாறும்போதுதான் ஞாபகம் வரும்.

"செத்த பல்" என்று சொன்னாலும் அது கழன்று விழுவதில்லை என்பது பலருக்கு ஆச்சரியம். பல்லைத் தாடையில் பிடித்துவைத்திருப்பது கூழ் அல்ல. வேரின் வெளிப்பரப்புக்கும் எலும்புக்கும் நடுவே, 0.2 மில்லிமீட்டர் அளவில், நார்களால் ஆன ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு இரத்தம் வருவது எலும்பிலிருந்து. உள்ளே செத்தாலும் வெளியே அது உயிரோடு இருக்கிறது. ரூட் கெனால் செய்த பல்லில், அதாவது கூழை எடுத்து, அது இருந்த வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்து அடைத்த பல்லில், முப்பது வருடம் முறுக்குக் கடிக்க முடிவது இதனால்தான்.

அழுகலா, கிருமியா?

இங்கே ஒரு கேள்வி. கூழ் செத்து அழுகுவதால் அந்த நச்சு கசிந்து எலும்பைக் கெடுக்கிறதா? அல்லது அங்கே குடியேறும் பாக்டீரியா கெடுக்கிறதா? சின்ன வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் சிகிச்சை முழுவதும் இந்த விடையில்தான் நிற்கிறது. விடை கிடைக்க எண்பது வருடத்துக்கு மேலாயிற்று.

அமெரிக்கரான டபிள்யூ. டி. மில்லர் பெர்லினில் கிருமியியல் முன்னோடி ராபர்ட் கோஹ்கிடம் பாடம் கற்றவர். 1894-இல் செத்த பற்கூழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அதில் பலவகைப் பாக்டீரியா இருப்பதை எழுதினார். கண்ணால் பார்த்த சில வகைகளை அவரால் வளர்த்தெடுக்க முடியவில்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது: அவை ஆக்சிஜன் பட்டால் செத்துப்போகிறவை. காற்றில்லாமல் கிருமி வளர்க்கும் வசதி அன்றைய ஆய்வுக்கூடங்களில் இல்லை.

1965-இல் அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று பேர் ஒரு சோதனை செய்தார்கள். எந்தக் கிருமியும் அண்டாமல் வளர்த்த எலிகளும் சாதாரண எலிகளும் எடுத்துக்கொண்டு, இரண்டு கூட்டத்துக்கும் கடைவாய்ப் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டார்கள். மூடவில்லை. தீவனம் அந்தத் துளைக்குள் போய் அடைந்துகொண்டது. சாதாரண எலிகளில் கூழ் செத்து, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியில்லாத எலிகளிலோ, தீவனம் திணிந்திருந்தும் கூழ் உயிரோடு இருந்தது. அதோடு நிற்கவில்லை; சில வாரங்களில் ஓட்டைக்குக் குறுக்கே புதிய டென்டினால் பாலம் கட்டி மூடிக்கொண்டது. அந்தக் கட்டுரையின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். கிருமி இல்லையென்றால் திறந்து கிடக்கும் பல்லுக்கே தன்னை மூடிக்கொள்ளத் தெரிகிறது.

அது எலி. மனிதரிடம் இதைக் காட்டியது சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் யோரான் சுண்ட்குவிஸ்ட் 1976-இல் கொடுத்த ஆய்வேடு. அவர் எடுத்துக்கொண்ட 32 பற்களும் சொத்தையே இல்லாதவை. அடிபட்டு உள்ளே மட்டும் செத்தவை. மேலே எனாமல் முழுசாக இருந்தது. 19 பற்களின் வேர் நுனியில் எலும்பு கரைந்திருந்தது. அவற்றில் 18-இல் பாக்டீரியா கிடைத்தது. எலும்பு கெடாத மற்றப் பற்களில் கூழ் செத்துக் கிடந்தாலும் பாக்டீரியா இல்லை. இந்த முறை காற்றுப் படாமல் எடுத்துக் காற்றில்லாமல் வளர்த்தார்கள். கிடைத்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் ஆகாத வகைகள். மில்லருக்குப் பிடிபடாதவை இவைதான்.

1981-இல் மோலரும் அவருடைய கூட்டாளிகளும் குரங்குகளில் இதை இன்னும் நேராகவே சோதித்தார்கள். சில பற்களில் கூழைக் கிருமி படாமல் கொன்று அடைத்தார்கள். சிலவற்றில் எச்சில் கிருமி படவிட்டு அடைத்தார்கள். ஆறேழு மாதம் கழித்துப் பார்த்தபோது, கிருமி படாத செத்த கூழுக்கு அடியில் எலும்பு நன்றாக இருந்தது. கிருமி பட்டவற்றில் அழற்சி.

ஆக, செத்த திசு தனியாக ஒன்றும் செய்வதில்லை. எக்ஸ்ரேயில் நோய் வேர் நுனிக்கு வெளியே எலும்பில் தெரிகிறது. ஆனால் அது குடியிருப்பது பல்லுக்குள்ளே. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், பிறகு டாக்டர் சொல்வதெல்லாம் ஏன் என்று தானாக விளங்கும்.

எலும்பு ஏன் கரைகிறது

வேர்க் கால்வாய்க்குள் பாக்டீரியாவுக்கு வசதியான இடம். செத்த கூழில் இரத்த ஓட்டம் இல்லை. எனவே வெள்ளணுக்கள் வர வழியில்லை. சாப்பிட அழுகிய திசு இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை, கதகதப்பு உண்டு. சுவரில் பசைபோல ஒட்டிக்கொண்டு படலமாகப் படிகிறது. டென்டினில் இருக்கும் நுண்குழல்களுக்குள்ளும் இறங்குகிறது. கூழை ஒட்டிய பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 45,000 குழல்கள் வரை உண்டு.

அங்கிருந்து பாக்டீரியாவின் கழிவும் நச்சும் நுனித் துளை வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். வெளியே இருக்கும் உடம்பு இதைச் சும்மா விடுமா? வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. ஆனால் அந்த ஊசித் துளைக்குள் நுழைந்து கால்வாயின் முழு நீளமும் போய்ச் சண்டையிட அவற்றால் முடியாது. வாசலில் நின்றுதான் தடுக்க முடியும். நிற்க இடம் வேண்டும், எலும்பு அடைத்துக்கொண்டிருக்கிறது. எனவே அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டி, வேர் நுனியைச் சுற்றி எலும்பைக் கரைக்கின்றன. கரைந்த இடத்தில் மென்மையான, இரத்தக் குழாய் நிறைந்த திசு வளர்ந்து ஒரு தடுப்பாக நிற்கிறது. எலும்பைத் தின்றது கிருமி என்று சொல்வது வழக்கம். உண்மையில் கரைத்தது நம் உடம்பே. கிருமி எலும்பு மஜ்ஜைக்குள் பரவிவிடாமல் காப்பதற்காகக் கொஞ்சம் எலும்பை விட்டுக்கொடுத்திருக்கிறது.

உள்ளே இருப்பதை உடம்பால் ஒழிக்க முடியாது. உள்ளே இருப்பதும் வெளியே பரவ முடியாது. இந்தச் சமநிலைதான் "நாள்பட்ட" என்ற சொல்லுக்குள் இருக்கிறது. பத்து வருடம்கூட அப்படியே போகும். ஒரு காய்ச்சல், உடம்பு பலவீனம், அல்லது கால்வாயில் புதிதாக ஏதோ கிருமி சேர்ந்தது என்று சமநிலை கெட்டால், ராத்திரியோடு ராத்திரியாகக் கன்னம் வீங்கிவிடும். பல் உயர்ந்து நிற்பதுபோல் இருக்கும். மேலும் கீழும் படவே விடாது. இந்தக் கட்டத்தில் கிராம்பை வைத்துக் கடிப்பது நம் வீடுகளில் வழக்கம். கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் உயிரோடு இருக்கும் நரம்பை மரத்துப்போக வைக்கும். சொத்தைப் பல் வலிக்கு அது கொஞ்சம் கேட்பது அதனால்தான். இங்கே வலிப்பது வேருக்கு வெளியே எலும்புக்குள். கிராம்பின் சாறு அங்கே போய்ச் சேராது.

அந்தக் கறுப்புக்குள் இருப்பது என்ன என்று எக்ஸ்ரேயை வைத்துச் சொல்ல முடியாது. சூரிச் பல்கலைக்கழகத்தில் பி. என். ராமச்சந்திரன் நாயரும் உடன் பணியாற்றியவர்களும், பல்லோடு சேர்த்து எடுத்த 256 புண்களை வரிசையாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1996-இல் வெளியிட்டார்கள். பாதி கிரானுலோமா என்னும் திசுக் கட்டி. 35 சதவீதம் சீழ்க் கட்டி. 15 சதவீதம்தான் சிஸ்ட் எனப்படும் நீர்க்கட்டி. அதற்குமுன் இதைவிட மிக அதிக அளவில் சிஸ்ட் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். துண்டு துண்டாகச் சுரண்டி எடுத்ததைப் பார்த்த கோளாறு அது.

சிஸ்ட் எங்கிருந்து வருகிறது என்பதும் ரசமான விஷயம். பல்லின் வேர் உருவாகும்போது அதற்கு அச்சாக இருந்த செல்களில் சில, வேலை முடிந்தும் படலத்துக்குள்ளேயே தூங்கிக் கிடக்கும். அவற்றை விவரித்த பிரெஞ்சுக்காரர் மலாசேயின் பெயரால் மலாசே செல் எச்சங்கள் என்பார்கள். அழற்சியின் சூட்டில் அவை விழித்துப் பெருகி, பைபோல உறையைக் கட்டிக்கொள்கின்றன. அந்தப் பை கால்வாயின் வாயோடு திறந்திருந்தால், கால்வாயைச் சுத்தம் செய்தாலே ஆறிவிட வாய்ப்பு அதிகம். எல்லாப் பக்கமும் மூடிய தனிப் பை என்றால் அறுவை தேவைப்படலாம். நாயரின் கணக்கில் அப்படி மூடியவை மொத்தத்தில் 9 சதவீதம். "சிஸ்ட் இருக்கு, ஆப்பரேஷன்தான்" என்று எக்ஸ்ரேயைப் பார்த்ததும் சொன்னால், முதலில் ரூட் கெனால் செய்து பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

வேறு இடத்தில் தலைகாட்டும் பல்

சீழ் எப்போதும் எலும்புக்குள்ளேயே நிற்பதில்லை. எளிதான பக்கம் பார்த்து வழி செய்துகொள்ளும். பெரும்பாலும் ஈறில் ஒரு சிறு கொப்புளமாக வரும். உடையும், உப்புக்கரிக்கும், ஆறும், ஒரு மாதத்தில் மறுபடி வரும். வழி திறந்திருப்பதால் அழுத்தம் ஏறாது; அதனால் வலியும் இல்லை.

கீழ் முன்பற்களில் இந்த வழி சில சமயம் முகவாய்த் தோலுக்கே வந்துவிடும். மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவான கதை இது: முகவாயில் ஆறாத ஒரு புண், மாதக்கணக்கில் களிம்பு, மாத்திரை, சில சமயம் அறுத்து எடுத்துச் சதைப் பரிசோதனைகூட, ஆறும், மறுபடி வரும். பல்லை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் பல் வலிக்கவில்லை. கடைசியில் யாரோ எக்ஸ்ரே எடுத்து, அடிபட்டுச் செத்த ஒரு கீழ்ப்பல்லைக் கண்டுபிடித்து ரூட் கெனால் செய்கிறார்கள். தோல் தானாக ஆறுகிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் சைனஸ் அறையை ஒட்டியிருப்பதால், மூக்கின் ஒரு பக்கம் மட்டும் விடாமல் நாற்றத்தோடு ஒழுகுவதற்கும் பல் காரணமாக இருக்கலாம். ஒரே பக்கத்துச் சைனஸ் தொந்தரவு என்றால் பல்லையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மாத்திரை ஏன் போதாது

மெடிக்கல் ஷாப்பில் "பல் வீக்கம்" என்று சொல்லி ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. வீக்கம் வடிவதும் உண்மை. வடிந்ததும் பல் டாக்டரிடம் போவது தள்ளிப்போகும். ஆனால் மாத்திரை இரத்தத்தில்தான் பயணம் செய்கிறது. கால்வாய்க்குள் இரத்தமே இல்லை. வாசலுக்கு வெளியே தெறித்தவற்றை அது கொல்லும். உள்ளே ஒட்டியிருப்பதைத் தொடாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, பல்லுக்கு நேரடியாகச் சிகிச்சை செய்ய வசதி இருக்கும்போது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்த நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே சொல்கிறது. தவணை தவணையாக மாத்திரை தின்று பத்து வருடம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கறுப்பு கொஞ்சம் பெரிதாகியிருந்ததே தவிர வேறு பலன் இல்லை.

மாத்திரை, ஊசி, ஆஸ்பத்திரி என்று உடனே ஓட வேண்டிய நேரமும் உண்டு. காய்ச்சலோடு வீக்கம் பரவுவது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டைபோல இறுகுவது. வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம். கண் மூடும் அளவுக்கு வீக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. கீழ்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் பரவி மூச்சுக்குழலை அடைக்கும் நிலையை 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்தார். இன்றும் அதில் உயிர் போகிறது.

பயமுறுத்திய ஒரு காலம்

உடம்பின் வேறு நோய்களுக்கும் செத்த பல்லுக்கும் தொடர்பு உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குக் கசப்பான வரலாறு இருக்கிறது. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, அழுகிய வேர்களின்மேல் தங்கத் தொப்பி போடுவதை அழுகலின்மேல் எழுப்பிய பொன் சமாதி என்று சாடினார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்துப் பல் வேலை பலவும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு கிளம்பிய அலை எல்லை மீறிப்போனது. மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பல்லே மூலம் என்று சொல்லி, நல்ல பற்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கினார்கள். நியூஜெர்சியின் டிரென்டன் அரசு மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் நோயாளிகளின் ஆயிரக்கணக்கான பற்களைப் பிடுங்கி, அதுவும் போதாமல் குடலை வெட்டியெடுக்கும் அளவுக்குப் போனார். பலர் இறந்தார்கள். இந்தக் கொள்கையை முன்பு ஆதரித்த ரஸ்ஸல் செசில், ஆஞ்செவைன் என்பவரோடு சேர்ந்து 1938-இல் முடக்குவாத நோயாளிகள் 200 பேரின் கதையை ஆராய்ந்து, பிடுங்கியதால் பலனில்லை என்று எழுதிய பிறகே அலை அடங்கியது.

இன்று நிதானமாகச் சொல்ல முடிவது இவ்வளவு. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் வேர்நுனி அழற்சி அதிகம் காணப்படுகிறது. சிகிச்சைக்குப் பிறகு ஆறுவதும் தாமதம். இதய நோயோடும் தொடர்பு சேர்ந்து தெரிகிறது. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று நிரூபணம் இல்லை. செயற்கை இதய வால்வு வைத்தவர்களைப் போன்ற சிலருக்கு, பல் சிகிச்சைக்கு முன் மாத்திரை கொடுப்பது அவசியம். அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "ரூட் கெனால் செய்த பல் புற்றுநோய் தரும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் அந்தப் பழைய அலையின் மிச்சம்தான். அதேபோல, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று நம் வீடுகளில் சொல்லும் பயத்துக்கும் ஆதாரமில்லை. மேல்பற்களின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. அந்தப் பயத்தால் சீழோடு பல்லை வருடக்கணக்கில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

எக்ஸ்ரே சொல்வதும் சொல்லாததும்

படத்தில் கறுப்பு இல்லை என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஐ. பி. பெண்டரும் சாமுவேல் செல்ட்சரும் 1961-இல் இறந்தவர்களின் தாடையெலும்பில் வேண்டுமென்றே குழி தோண்டி எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே கடற்பஞ்சுபோல இருக்கும் எலும்பில் மட்டும் தோண்டிய குழி படத்தில் தெரியவே இல்லை. வெளிப்புறக் கெட்டி எலும்பைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. முப்பரிமாண ஸ்கேன் இப்போது இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. அதற்காக எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. கதிர்வீச்சும் செலவும் அதிகம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாக் கறுப்பும் நோயல்ல. கீழ்த்தாடையில் நரம்பு வெளிவரும் இயல்பான துளை, கடைவாய்க்கு முந்தைய பல்லின் வேர் நுனியில் விழுந்து ஏமாற்றும். கீழ் முன்பற்களின் அடியில் எலும்பே வேறுவிதமாக மாறிக் கறுப்பாகத் தெரியும் ஒரு நிலை உண்டு. அங்கே பற்கள் உயிரோடு இருக்கும், தொடவே கூடாது. எனவே ஐஸ்போலக் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துக் கூசுகிறதா என்று பார்க்கும் அந்தச் சாதாரணச் சோதனைக்கு மதிப்பு அதிகம். படம் மட்டும் பார்த்துப் பல்லைத் திறப்பது சரியல்ல.

உள்ளே போய்ச் சுத்தம் செய்வது

நோய் பல்லுக்குள் இருப்பதால் சிகிச்சையும் உள்ளேதான். பல்லைத் திறந்து, மெல்லிய அரங்களால் கால்வாயை அரவி, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகிறார்கள். துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் இருக்கும் அதே பொருள். செத்த திசுவைக் கரைக்கவும் கிருமியைக் கொல்லவும் அதற்கு ஈடு இன்னும் கிடைக்கவில்லை. தேவைப்பட்டால் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்துச் சில நாள் விடுவார்கள். கடைசியில், மலாயாக் காடுகளின் மரப்பாலிலிருந்து வரும் கட்டா-பெர்ச்சாவால் அடைக்கிறார்கள்.

சொல்வதற்கு எளிது. சூரிச்சில் வால்டர் ஹெஸ் நூறு வருடத்துக்கு முன்பே ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரை ஊற்றி, பிறகு பல்லைக் கரைத்துக் கால்வாயின் வார்ப்பை எடுத்துப் பார்த்தார். நேரான குழாய் என்று நினைத்தது, ஆற்று முகத்துவாரம்போலக் கிளைத்துக் கிடந்தது. அந்தக் கிளைகள் கடைசி 3 மில்லிமீட்டரில்தான் அதிகம். அரம் அங்கெல்லாம் போகாது. திரவம் போனால்தான் உண்டு. எனவே கழுவ எடுக்கும் நேரம் வீண் நேரமல்ல. "ஒரே சிட்டிங், அரை மணி நேரம்" என்ற விளம்பரத்தைவிட, ரப்பர் டேம் போடுவீர்களா என்று கேட்பது நல்லது. பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் அந்த ரப்பர் தாள், எச்சில் கால்வாய்க்குள் போகாமல் தடுக்கிறது. 1864-இல் நியூயார்க்கின் சான்ஃபோர்டு பார்னம் கண்டுபிடித்தது. கிருமியை வெளியேற்றும் வேலையில் எச்சிலை உள்ளே விட்டால் செய்ததற்கே அர்த்தமில்லை. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

பலன் எவ்வளவு? உமியோவில் ஷோக்ரன் குழுவினர் 356 நோயாளிகளை 8 முதல் 10 வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்து 1990-இல் வெளியிட்டார்கள். வேர் நுனியில் கறுப்பு வருவதற்கு முன்பே சிகிச்சை செய்தவற்றில் 96 சதவீதம் நன்றாக இருந்தன. கறுப்பு வந்தபின் செய்தவற்றில் 86. ஏற்கெனவே ரூட் கெனால் செய்து தோற்று, கறுப்போடு மறுபடி செய்தவற்றில் 62. தள்ளிப்போடுவதன் விலை என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த மூன்று எண்களைத்தான். அவையும் கவனமாகச் செய்த ஒரு பல்கலைக்கழகத்தின் எண்கள்.

தோற்றால் மறுபடி திறந்து சுத்தம் செய்யலாம். அதுவும் முடியாதபோது ஈறைக் கீறி, எலும்பு வழியாகப் போய், கிளைகள் மிகுந்த அந்தக் கடைசி 3 மில்லிமீட்டர் வேரை வெட்டியெடுத்துப் பின்புறமாக அடைக்கலாம். வேர் விரிசல் விட்டிருந்தாலோ, மேலே பிடிமானமே இல்லாமல் பல் கரைந்துபோயிருந்தாலோ, பிடுங்குவதுதான் சரியான சிகிச்சை. செலவைத் தாங்க முடியாதவர்கள் பிடுங்கிக்கொள்வதும் சிகிச்சைதான். கிருமியின் வீடே போய்விடுகிறது. நோயோடு அப்படியே வைத்திருப்பதைவிட அது மேல்.

ரூட் கெனால் முடித்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடாமல் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விடுகிறவர்கள் ஏராளம். மேலே போட்ட தற்காலிக சிமென்ட் தேய்ந்து ஒழுகினால் எச்சிலும் கிருமியும் மறுபடி இறங்கும். பல்லே பிளக்கவும் கூடும். 1,010 பற்களின் எக்ஸ்ரேயைப் பார்த்து ரே, டிரோப் இருவரும் 1995-இல் எழுதிய கட்டுரையில், உள்ளே அடைத்தது எவ்வளவு நேர்த்தி என்பதற்குக் குறையாமல் மேலே மூடியது எவ்வளவு நேர்த்தி என்பதும் வேர் நுனியின் விதியைத் தீர்மானிப்பதாகத் தெரிந்தது.

ஆறுவது மெதுவாக நடக்கும். சிகிச்சை முடிந்த மறுவாரமே கறுப்பு போகவில்லை என்று கலங்குகிறவர்கள் உண்டு. எலும்பு அப்படி வளராது. ஆறப்போகிற பற்களில் பெரும்பாலானவை முதல் வருடத்துக்குள் அடையாளம் காட்டும். முழுதாக நிரம்ப நாலு வருடம்வரை ஆகலாம். எப்போதாவது எலும்புக்குப் பதில் தழும்புத் திசு நிரம்பி, நோய் போன பிறகும் சிறு நிழல் நின்றுவிடுவதும் உண்டு. வலி இல்லை, வேலை முடிந்தது என்று அந்த ஒரு வருடத்து எக்ஸ்ரேக்குப் போகாமல் விட்டால், உள்ளே ஆறுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. முன்பும் வலி இல்லாமல்தானே கரைந்தது. போய் எடுத்தால், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கறுப்பின் ஓரங்கள் சுருங்கி, நடுவே சிலந்தி வலைபோல எலும்பின் இழைகள் ஓடியிருக்கும். வேரை ஒட்டி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும். அது நுனியைச் சுற்றி அறுபடாமல் வளைந்து வந்திருக்கிறதா என்றுதான் டாக்டரும் பார்ப்பார்.